‘குடிக்கலைன்னா தங்கமான மனுசன்’: கொலை வழக்கை விசாரிப்பவர்களுக்கும் நடத்துபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் காவல் ஆய்வாளர்களுக்கும், அமர்வு நீதிமன்றங்களில் அரசுக்காக வாதாடும் வழக்கறிஞர்களுக்கும் வணக்கம்.

நான் நீதிமன்ற ஊழியராக 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடைசி ஒன்பது வருஷம் ஓர் அமர்வு நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க். சட்டம் படித்துப் பட்டம் வாங்கியதில்லை. ஆனால் நீதிபதிக்கு நேர் கீழே அந்த மேசையில் உட்கார்ந்து, சாட்சிகளைக் கூப்பிட வைத்து, சான்றாவணங்களுக்கு எண் போட்டு, வழக்குக் கட்டுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டியதில் கற்றுக்கொண்டது கொஞ்சம் இருக்கிறது. வேலையில் இருந்தவரை வாயைத் திறக்க முடியாது. இப்போது முடியும், அதனால் எழுதுகிறேன்.

கொலை வழக்குகளில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு. அதைச் சொல்பவர் பெரும்பாலும் அரசுத் தரப்புச் சாட்சி, பல நேரம் செத்துப்போன பெண்ணின் சொந்தக்காரர். கூண்டில் ஏறி, துண்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, குறுக்கு விசாரணையில் ஒரே ஒரு கேள்வி கேட்டதும் சொல்லிவிடுவார்: ‘குடிக்கலைன்னா தங்கமான மனுசன் ஐயா.’ எதிர்த்தரப்பு வக்கீல் உடனே உட்கார்ந்துவிடுவார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஊர், பெயர், வருஷம் வேண்டாம். கணவனோடு சண்டை போட்டுக்கொண்டு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்ட பெண். அவன் சாயந்திரம் பாரில் உட்கார்ந்து குடித்தான், பைக்கை எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்கு வந்தான், வந்த இடத்தில் பேச்சு முற்றியது, பின்கட்டில் கிடந்த அம்மிக் குழவியை எடுத்துத் தலையில் போட்டான். சட்டையைக் கழற்றிக் கிணற்றில் எறிந்துவிட்டு, அதே பைக்கில் அக்கா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். மறுநாள் மத்தியானம் பிடித்தார்கள். முதல் தகவல் அறிக்கையின் நாலாவது வரியில் ‘எதிரி குடிபோதையில் இருந்ததால் ஆத்திரமடைந்து’ என்று எழுதியிருந்தது; எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். குற்றப்பத்திரிகை 302இல், அதாவது கொலை என்று, போனது. தீர்ப்பு 304 இரண்டாம் பகுதியில், அதாவது கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றம் என்று, வந்தது. ஐந்து வருஷம், அதில் ஏற்கெனவே உள்ளே இருந்த நாட்கள் கழிவு.

அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் முன்னால் இருந்த காகிதத்தை வைத்துக்கொண்டு அவர் வேறெதுவும் எழுதியிருக்க முடியாது. அந்தக் காகிதம் எப்படி அப்படி ஆனது என்பதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்தேன்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் ஊரில் பாதிப்பேர், ஏன், ஸ்டேஷனிலேயே சிலபேர், குடித்திருந்தால் தண்டனை குறையும் என்று சட்டத்தில் எழுதியிருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி எங்கேயும் எழுதவில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 85ஆம் பிரிவு, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 23, போதையைக் காரணமாகக் காட்டி முழுதாகத் தப்பிக்க ஒரே ஒரு வழிதான் வைத்திருக்கிறது. யாரோ ஏமாற்றிக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது வலுக்கட்டாயமாக ஊற்றியிருக்க வேண்டும். அதுவும் போதாது, தான் என்ன செய்கிறோம் என்பதோ, செய்வது தப்பு என்பதோ தெரியாத அளவுக்கு அவர் போயிருக்க வேண்டும். தானாகக் காசு கொடுத்து வாங்கிக் குடித்தவருக்கு அந்தப் பிரிவில் இடமே கிடையாது.

சிக்கல் அடுத்த பிரிவில் இருக்கிறது. பழைய 86, புதிய 24. அதைப் பத்துத் தடவை படித்த பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஒரு செயல் குற்றமாவதற்குக் குறிப்பிட்ட அறிவோ நோக்கமோ தேவைப்பட்டால் என்று அந்த வாக்கியம் ஆரம்பிக்கிறது. அறிவு, நோக்கம், இரண்டும் முதல் பாதியில் இருக்கின்றன. இரண்டாம் பாதிக்கு வந்ததும், குடித்தவருக்கும் நிதானத்தில் இருப்பவருக்கு உள்ள அதே அறிவு இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்று முடிந்துவிடுகிறது. நோக்கத்தைக் காணோம். ஒரு சொல் விடுபட்டதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். கொலை என்று நிறுவப் பெரும்பாலும் நோக்கத்தைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. 304இன் இரண்டாம் பகுதிக்கு, அதாவது இப்போதைய 105இன் பிற்பகுதிக்கு, சாவு நேரலாம் என்ற அறிவு மட்டும் போதும். முதலாவதற்கு ஆயுள் அல்லது தூக்கு. இரண்டாவதற்கு அதிகபட்சமே பத்து வருஷம். 1860இல் எழுதிய அந்த இடைவெளி, 2023இல் சட்டத்தையே புதிதாக எழுதுகிறோம் என்று உட்கார்ந்தபோதும் அப்படியே தூக்கி வைக்கப்பட்டது. எண் மட்டும் மாறியது.

சரி, அந்த இடைவெளியை நீதிமன்றம் எப்படி நிரப்பியது? இதைத்தான் உங்களில் ஒவ்வொருவரும் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பாஸ்தேவ் எதிர் பெப்சு அரசு, உச்ச நீதிமன்றம், 1956. பெப்சு என்பது பாட்டியாலாவைச் சேர்த்து அப்போது இருந்த மாநிலம். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சந்திரசேகர ஐயர், நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர். 1954 மார்ச்சில் ஒரு கல்யாண வீடு, மத்தியானச் சாப்பாடு. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு ஜமேதார் நன்றாகக் குடித்துவிட்டு வருகிறார். உட்கார வசதியான இடம் வேண்டும், கொஞ்சம் தள்ளி உட்கார் என்று பதினைந்து பதினாறு வயதுப் பையன் ஒருவனிடம் சொல்கிறார். பையன் நகரவில்லை. கைத்துப்பாக்கியை எடுத்து வயிற்றில் சுட்டுவிட்டார். பையன் பிழைக்கவில்லை.

போதையில் இருந்தார், கொல்லும் நோக்கம் அவருக்கு இருந்திருக்காது, அதனால் 302 வேண்டாம், 304இன் இரண்டாம் பகுதி போதும் என்பதுதான் வாதம். உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. அறிவைப் பொறுத்தவரை குடித்தவரும் நிதானமானவரும் ஒன்று. நோக்கத்தைப் பொறுத்தவரை, போதை எவ்வளவு ஏறியிருந்தது என்பதையும் சேர்த்து, சுற்றிலும் நடந்ததை வைத்து முடிவு செய்ய வேண்டும். முழுக்கவே புத்தி தன் வசம் இல்லாமல் போயிருந்தால் நோக்கத்தை அவர் மேல் ஏற்ற முடியாது. அவ்வளவு தூரம் போகவில்லை, தான் செய்வது என்னவென்று தெரிந்துதான் இருந்தது என்றால், தன் செயலின் இயல்பான விளைவை ஒருவர் நினைத்தே செய்தார் என்ற பொது விதி அவருக்கும் பொருந்தும். குடித்ததால் கோபம் சுலபமாக வந்தது என்பதெல்லாம் கணக்கில் சேராது. 1920இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, குடிபோதை பற்றிய பியர்டு வழக்கில் சொன்ன விதிகளையும் இந்தத் தீர்ப்பு எடுத்துப் பேசுகிறது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது நீதிபதிகள் எதை வைத்து அளந்தார்கள் என்பது. அந்த ஜமேதார் தள்ளாடினார், சில நேரம் உளறினார், அதெல்லாம் சாட்சியத்தில் இருக்கிறது. ஆனால் யாரும் பிடித்துக்கொள்ளாமல் தானே நடந்து அந்த வீட்டு வாசலுக்கு வந்தார். கோர்வையாகவும் பேசினார். தனக்கு எந்த இடம் வேண்டும் என்று தேர்ந்தெடுத்தார். சுட்ட பிறகு ஓடப் பார்த்தார். கொஞ்ச தூரத்தில் பிடித்ததும், செய்தது என்ன என்று புரிந்து மன்னிப்புக் கேட்டார். இவ்வளவும் அங்கே இருந்த சாதாரண மனிதர்கள் கண்ணால் பார்த்துச் சொன்ன சின்னச் சின்ன விஷயங்கள். அவற்றைக் கேட்டு எழுதி வைக்க யாரோ ஒருவர் மெனக்கெட்டிருக்கிறார்.

இப்போது நான் சொன்ன வழக்குக்கு வாருங்கள். அவன் பைக்கை ஓட்டிக்கொண்டு வந்தான். வழியில் எத்தனை வீடு இருந்தது, சரியாக அந்த வீட்டுக்கு வந்தான். எத்தனை பேர் எதிரே வந்தார்கள், அவளைத்தான் அடித்தான். சட்டையைக் கிணற்றில் போட்டான், அதாவது அதில் ரத்தம் இருக்கிறது, இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்திருக்கிறது. இதில் பாதி வழக்குக் கட்டில் இருந்தது. ஆனால் யாரும் அதை இந்தக் கேள்வியோடு சேர்த்துப் பேசவில்லை. சட்டை மீட்கப்பட்டதைப் பதிவு செய்த மகஜர் ரத்தக் கறைக்கான சான்றாக மட்டுமே குறியிடப்பட்டது. அவனுடைய மனநிலைக்கும் அதுதான் சான்று என்று வாதத்தில் ஒரு வரிகூட வரவில்லை.

பார் சப்ளையர் ஒரு பையன் இருந்தான். போலீசிடம் அவன் சொன்ன 161 வாக்குமூலம் கட்டில் இருந்தது, நான் படித்தேன். கொன்றவன் எவ்வளவு வாங்கினான், எத்தனை மணிக்கு எழுந்து போனான் என்பதோடு, மீதிச் சில்லறையில் இருபது ரூபாய் குறைந்தது என்று எண்ணிப் பார்த்துத் திரும்பக் கேட்டு வாங்கினான் என்றும் சொல்லியிருந்தான். இருபது ரூபாயை எண்ணத் தெரிந்தவனுக்கு, குழவிக் கல்லைத் தலையில் போட்டால் என்ன ஆகும் என்று தெரியாதா? அந்தப் பையனுக்கு சம்மன் போனது. இரண்டு வாய்தா வேலையை விட்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். இரண்டாவது நாள் மதியம் அரசுத் தரப்பில், இந்தச் சாட்சி தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். குடித்திருந்தான் என்பதைத்தானே இவன் சொல்லப் போகிறான், அது எதிர்த்தரப்புக்குத்தானே லாபம் என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. ‘நான் ஒண்ணும் சொல்ல வேண்டாமா மேடம்?’ என்று என்னிடம் வந்து கேட்டான். வேண்டாம் தம்பி, போகலாம் என்றேன்.

ஆய்வாளர்களே, ‘குடிபோதையில்’ என்ற சொல்லைப் பழக்கத்தில் எழுதாதீர்கள். போதையைக் காரணம் காட்டி விலக்குக் கேட்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 105, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 108, இந்தச் சுமையை எதிரியின் தலையில்தான் வைக்கிறது. நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றால், எந்தப் பரிசோதனையும் இல்லாமல், எவ்வளவு குடித்தான் என்ற விவரமும் இல்லாமல், அவன் கேட்காமலேயே அவனுக்கு ஒரு சான்றிதழ் எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் புதிதாக எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, உங்கள் எஃப்.ஐ.ஆரைத் திறந்து படித்தால் போதும்.

குடித்திருந்தான் என்பது உண்மையாக இருந்தால் மறைக்கச் சொல்லவில்லை. உண்மை என்றால் அளந்து எழுதுங்கள் என்கிறேன். ரத்தத்தில் ஏறிய சாராயம் சுமாராக மணிக்கு 100 மில்லி ரத்தத்துக்கு 15 மில்லிகிராம் என்ற அளவில் குறைந்துகொண்டே வரும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடக்குறைய. மறுநாள் மத்தியானம் பிடித்தால் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் சம்பவம் நடந்த இடத்திலேயே பிடிபடுகிறவர்கள், நேராக ஸ்டேஷனுக்கு வந்து சரணடைகிறவர்கள், அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எத்தனை பேர். அவர்களை அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் அதிகாரம் இருந்தது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 51இல் இருக்கிறது. ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலான ஏ.ஆர். காப்பியில் ‘வாயில் மது வாடை’ என்று ஒரு வரி வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். நடை எப்படி, பேச்சு எப்படி, கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னானா, பெயர் ஊர் நேரம் தெரிந்திருந்ததா என்று மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். பைக்கில் போகிறவரை நிறுத்தி ஊதச் சொல்லி, 30 மில்லிகிராமுக்கு மேலே போனால் வழக்குப் போடுகிற ஊரில், ஓர் உயிரை எடுத்தவர் எவ்வளவு குடித்திருந்தார் என்பதை வாடையை வைத்து முடிவு செய்கிறோம்.

அப்புறம் ‘எதுவும் ஞாபகம் இல்லை’. குற்றவாளிக் கூண்டில் நிற்பவரிடம் நீதிபதி பழைய 313, புதிய 351இன் கீழ் கேள்வி கேட்கும்போது வருகிற பதில் இது. இதைக் கேட்டதும் பாதிப்பேர், பாவம், அவன் அவனாகவே இல்லை போலிருக்கிறது என்று இரங்கிவிடுகிறார்கள். வேகமாக நிறையக் குடிக்கும்போது மூளையில் புது நினைவுகளைப் பதிந்து வைக்கிற வேலைதான் நின்றுபோகிறது. அந்த நேரத்தில் அந்த ஆள் நடப்பார், பேசுவார், வண்டி ஓட்டுவார், பணம் எண்ணுவார். மறுநாள் நினைவில்லாமல் போவது ஒன்று, செய்யும்போது தெரியாமல் செய்வது வேறொன்று. சட்டம் கேட்பது இரண்டாவதைப் பற்றி. அரசு வழக்கறிஞர்களே, மருத்துவர் சாட்சிக் கூண்டில் நிற்கும்போது அவரிடம் இந்த வித்தியாசத்தை ஒரு கேள்வியாகக் கேளுங்கள். நான் இருந்த ஒன்பது வருஷத்தில் ஒருவர்கூடக் கேட்டு நான் பார்க்கவில்லை.

தைரியத்துக்காகக் குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். வட அயர்லாந்தில் காலகர் என்பவரின் வழக்கு ஒன்று, 1960களின் தொடக்கத்தில் பிரபுக்கள் சபை வரைக்கும் போனது. மனைவியைக் கொல்வது என்று முடிவு செய்துவிட்டு ஒரு கத்தியும் ஒரு விஸ்கி பாட்டிலும் வாங்கி, குடித்துவிட்டுப் போய்க் கொன்றார். முதலில் முடிவு, பிறகு குடி; அந்தக் குடி அவருக்கு உதவவில்லை, கொலைத் தீர்ப்பு நின்றது. நம் ஊரில் வெட்டப் போகிறவர்கள் முதல்நாளே கூடி உட்கார்ந்து குடிக்கிற கதைகளை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும், நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் எல்லோரையும் தூக்கில் போடச் சொல்கிறவள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மரண தண்டனையே வேண்டாம் என்று நினைப்பவள் நான். வருஷக் கணக்காகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தியதும் கை நடுங்கி, இல்லாத உருவங்களைப் பார்த்து, பயந்து யாரையாவது தாக்கிவிடுவது உண்டு. அது நோய். அதற்குப் புத்தி பேதலித்த நிலைக்கான பிரிவு, பழைய 84, புதிய 22, தனியாக இருக்கிறது. குடிபோதை என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் இவருக்கும் அநியாயம்தான், ஏனென்றால் பார்க்க வேண்டிய மனநல மருத்துவரை யாரும் கூப்பிடாமலே போய்விடுவார்கள். அதேபோல, இரண்டு பேரும் குடித்துவிட்டு வாய்த்தகராறில் கட்டிப் புரண்டு, ஒருவர் பின்மண்டையில் அடிபட்டுச் சாவது எத்தனையோ நடக்கிறது. முன்யோசனை இல்லாத திடீர்ச் சண்டைக்குக் கொலைப் பிரிவிலேயே நாலாவது விதிவிலக்கு இருக்கிறது, அது அங்கே பொருந்தலாம். ஆனால் அது குடித்ததற்காகக் கிடைக்கிற சலுகை இல்லை. திடீர்ச் சண்டை என்பதற்காகக் கிடைப்பது, அதுவும் கொன்றவர் கூடுதல் சாதகத்தைப் பயன்படுத்தாமலும் கொடூரமாக நடக்காமலும் இருந்தால். வெறுங்கையோடு நின்ற மனைவி மேல் கல்லைப் போடுவதை இருவரும் போட்ட சண்டை என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு வாதமும் கேட்டிருக்கிறேன். 2003 நவம்பரிலிருந்து அரசே டாஸ்மாக் வைத்துச் சில்லறையில் விற்கிறது, விற்றுவிட்டு அதே அரசு தண்டிக்கலாமா என்று. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. அரசின் மேல் எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் அந்தக் கணக்கை அரசோடு தீர்க்க வேண்டும். செத்துப்போனவளின் அம்மாவிடம் வந்து, அரசு விற்றதால் உன் மகளின் உயிருக்கு ஐந்து வருஷம் போதும் என்று சொல்ல முடியாது. 2006இல் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில், மனைவியையும் பிள்ளைகளையும் கொன்றவர் போதையைச் சொன்னபோது, இப்படிப்பட்ட கொடூரத்துக்குக் குடி ஒருபோதும் சாக்காகாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

மதுரையில் 2012இல் ஒரு பெண், குடித்துவிட்டு மகளிடம் தப்பாக நடக்கப் பார்த்த கணவனை அடித்தார், அவர் இறந்துவிட்டார். அது தற்காப்பு என்று தண்டனைச் சட்டத்தின் 100ஆம் பிரிவைக் காட்டி அந்தப் பெண்ணைப் போலீசே விடுவித்தது. நடந்ததைக் கேட்டு, சட்டத்தைப் படித்து, பொருந்துகிற பிரிவைத் தேடி எடுக்க நம் காவல்துறைக்குத் தெரியும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அந்த உழைப்பை எல்லா வழக்குக்கும் கேட்கிறேன்.

கடைசியாக ஒன்று. இதை எழுதத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. கொலை என்று குற்றஞ்சாட்டி, குறைந்த குற்றத்துக்குத் தண்டனை கொடுத்தால், பாதிக்கப்பட்டவர் தரப்பே மேல்முறையீடு செய்யலாம் என்று 2009 கடைசியிலிருந்து குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 372ஆம் பிரிவில் இருந்தது, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 413. இறந்தவரின் சட்டபூர்வ வாரிசும் பாதிக்கப்பட்டவர்தான், அது ஒரு குழந்தையாகவே இருந்தாலும். நான் சொன்ன வழக்கில் தீர்ப்பு வாசித்த அன்றைக்கு, செத்துப்போன பெண்ணின் அம்மா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, ‘இதோட முடிஞ்சுதா?’ என்று கேட்டார். எனக்கு அந்தப் பிரிவு தெரியும். ஊழியர் வாய் திறக்கக் கூடாது என்று நினைத்து, வக்கீலைக் கேளுங்கம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவருக்கு வக்கீல் யாரும் இல்லை, அரசு வழக்கறிஞர்தான் அவர் வக்கீல், அவர் அடுத்த கோர்ட்டுக்குப் போய்விட்டார். அடுத்த முறை இப்படி ஒரு தீர்ப்பு வந்தால், கோர்ட்டை விட்டு இறங்குவதற்கு முன்னால் அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டு, மேல்முறையீடு செய்யலாம், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார், அலுவலகம் இங்கேதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு பெஞ்ச் கிளார்க்